ஸ்கார்லெட் பேடிஸ் ஒளிந்தே கிடக்கிறதா, தின்ன மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துத் தீர்வு காணும் வழி

ஸ்கார்லெட் பேடிஸ் என்னும் குட்டித் தொட்டி மீனை வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். ஏன் வெளியே வரவே மாட்டேன் என்கிறது? ஏன் எதையும் தின்ன மாட்டேன் என்கிறது? பதில் தேடுவதற்குள் பலர் நீலமோ மஞ்சளோ ஏதோ ஒரு மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். முதல் சில வாரங்களில் இந்த மீன் படும் பாட்டுக்குப் பெரும்பாலும் நோய் காரணமே அல்ல. பயம் ஒன்று, பட்டினி ஒன்று. பயத்தைத் தணிக்காமல் பட்டினியைத் தீர்க்க முடியாது. பட்டினியை நீளவிட்டால் பயம் தணிவதற்குள் மீன் இறந்துவிடும். இந்த இரண்டில் எது எந்த நேரத்தில் முன்னால் நிற்கிறது என்று கண்டுகொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மீனைப் பற்றிச் சில வரிகள். இதன் அறிவியல் பெயர் டேரியோ டேரியோ. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் இதை விவரித்தார். மேற்கு வங்கத்தின் வட பகுதியிலும் அசாமிலும் பிரம்மபுத்திராவில் கலக்கும் ஓடைகளில் வாழ்கிறது. ஆழமில்லாத தெளிந்த நீர், மணலும் கூழாங்கல்லுமான அடித்தளம், கரையோரம் அடர்ந்த செடிகள்: அதன் உலகம் அவ்வளவுதான். முழுதாக வளர்ந்த ஆண் மீனே ஏறக்குறைய 2 செ.மீ. நீளம்தான் இருக்கும். பெண் அதனினும் சிறியது, சாம்பல் நிறம், பார்வைக்கு எளியது. விற்பனைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஓடையில் வலையிட்டுப் பிடிக்கப்பட்டவை. பிடித்தவரின் வாளி, இடைத்தரகரின் தொட்டி, கொல்கத்தா மொத்த வியாபாரி, பிறகு விமானமோ ரயிலோ, கடைசியில் சென்னை கொளத்தூர் போன்ற ஓர் இடத்துக் கடை என்று பல கை மாறி வருகிறது. அந்த வழியில் எங்கும் அதற்குத் தின்னத் தெரிந்த உணவு கிடைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் கைக்கு வரும்போதே அது பசியோடுதான் வருகிறது.

தொட்டியின் முன் உட்கார்ந்ததும் முதலில் மூச்சைப் பாருங்கள். அடுத்து உடலின் வடிவத்தைப் பாருங்கள். உணவைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

வந்த அன்றே செவுள் வேகமாக அடிக்கிறது, நீர்மட்டத்தில் தொங்குகிறது

இது கூச்சம் அல்ல, நீரின் கோளாறு. உணவைப் பற்றி இப்போது நினைக்கவே கூடாது.

நீண்ட பயணத்தில் மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அதனால் பை நீரின் பிஎச் இறங்கும். அதே நேரத்தில் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேரும். பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அதில் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். நீங்கள் பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியம் நச்சுள்ள அம்மோனியாவாக மாறும். நல்ல எண்ணத்துடன் மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைப் பைக்குள் விடும்போது, மீன் அந்த நஞ்சிலேயே மூன்று மணி நேரம் கிடக்கிறது. சொட்டு முறை நல்லதுதான், பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் கொண்டுவந்த மீனுக்கு. வெளியூரிலிருந்து கூரியரில் வந்த பைக்கு அது ஆகாது.

அந்த மாதிரிப் பையை மூடியபடியே இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் மீனைச் சிறிய குவளையால் மொண்டு தொட்டியில் விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனை வரவேற்கும் நீர், பை நீரிலிருந்து மிகவும் மாறுபட்டிருக்கக் கூடாது. கடைக்காரரிடம் முன்கூட்டியே டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின்) அளவைக் கேட்டுவைத்து, அதற்கு நெருக்கமாக நீரைத் தயார் செய்துவிட்டு, பிறகு நாள் கணக்கில் மெல்ல உங்கள் ஊர் நீருக்குப் பழக்குவதுதான் சரி.

மீன் ஏற்கெனவே தொட்டியில் இருக்கிறது, இப்போதும் மூச்சு வாங்குகிறது என்றால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டி பழகவில்லை, அதாவது கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியா அதில் இன்னும் போதிய அளவு வளரவில்லை என்று பொருள். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரால் கால் பங்கை மாற்றுங்கள், மறுநாளும் மாற்றுங்கள். இரண்டும் சுழியம்தான், ஆனால் ஒரு பக்கச் செவுள் மட்டும் மூடியே இருக்கிறது, மீன் செடியில் உடலைத் தேய்க்கிறது என்றால் செவுள் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு பிரசிகுவாண்டெல் என்னும் ஒட்டுண்ணி மருந்தைத் தரலாம்.

மூச்சு சீர், ஆனால் நிறம் வெளுத்து, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை

இதுதான் பயம். புது இடத்தில் இது இயல்பு, முதல் சில நாள்கள் பதற வேண்டாம். ஆனால் நாள்கள் போயும் இதே நிலை என்றால் தொட்டியின் அமைப்பில் குறை இருக்கிறது.

ஒளிய இடம் குறைவான தொட்டியில்தான் மீன் ஒளிந்தே கிடக்கும். இதைப் பலரால் நம்ப முடிவதில்லை. மீன் கண்ணில் பட வேண்டும் என்று செடிகளைக் குறைப்பார்கள், விளக்கைக் கூட்டுவார்கள். மீன் இருக்கும் ஒரே கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வராது. ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் ஒரு மறைவிடம் இருந்தால் அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடமாடத் தொடங்கும். ஆபத்து வந்தால் நொடியில் உள்ளே போய்விடலாம் என்ற நிச்சயம் அதற்கு வேண்டும்.

ஆகவே ஜாவா பாசியைக் கைநிறைய போடுங்கள். வேலம்பாசி இருந்தால் இன்னும் நல்லது. நம் தெருக்களில் நிற்கும் வாதுமை மரத்தின் பழுத்துக் காய்ந்து விழுந்த பழுப்பு இலைகளை, புகையும் பூச்சிமருந்தும் படாத இடத்தில் பொறுக்கி, கழுவி, சில இலைகளை அடியில் போடுங்கள். அவை நீரை இளந்தேநீர் நிறமாக்கி வெளிச்சத்தைத் தணிக்கும். மட்கும் இலையின் மேல் நுண்ணுயிர்கள் வளரும், மீன் அவற்றைக் கொத்தப் பழகும். மேலே சால்வீனியா போன்ற மிதக்கும் செடி பாதிப் பரப்பை மூடட்டும். தொட்டியின் பின்புறத்தையும் இரு பக்கங்களையும் கறுப்புத் தாளால் மறையுங்கள். அடியில் வெள்ளைக் கல் வேண்டாம். நன்றாக அலசிய ஆற்றுமணல் போதும்.

நீரோட்டமும் முக்கியம். இந்த மீனுக்கு வலுவாக நீந்தத் தெரியாது. மோட்டார் ஃபில்டர் தள்ளும் நீரோட்டத்தில் அது நாள் முழுவதும் ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். காற்றால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாக ஓடவிடுங்கள். ஓர் ஆணுக்கும் ஒன்றிரண்டு பெண்களுக்கும் 45 செ.மீ. நீளமுள்ள தொட்டி தாராளம்.

கூச்சமுள்ள பல மீன்களுக்கு, நடுநீரில் அமைதியாகத் திரியும் சிறு மீன்கூட்டத்தை உடன் விட்டால் தைரியம் வரும் என்பது உண்மைதான். இந்த மீனுக்கு முதல் சில மாதங்களாவது அந்த யோசனையைத் தள்ளிவையுங்கள். கப்பியும் டெட்ராவும் இரண்டு நிமிடத்தில் தொட்டியில் உள்ள உயிருணவை எல்லாம் முடித்துவிடும். பேடிஸ் இரையை உற்றுப் பார்த்துத் தீர்மானிப்பதற்குள் இரை இருக்காது. தைரியம் வந்தும் பயனில்லாமல் போகும்.

இதற்குப் பிறகு உங்களால் ஆகக்கூடியது, தொட்டியை விட்டுவிடுவது. கண்ணாடியைத் தட்டாதீர்கள். செடியை நகர்த்தி மீனைத் தேடாதீர்கள். மேலிருந்து குனிந்து பார்க்காதீர்கள், மேலிருந்து வரும் நிழல் அதற்குக் கொக்கின் நிழல். நாலடி தள்ளி, தொட்டியின் மட்டத்துக்கே உட்கார்ந்து பாருங்கள். ஆண் மீனின் உடலில் சிவப்பும் வெளிர்நீலப் பட்டைகளும் தெளிந்து வரத் தொடங்கினால் பயம் விலகுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வெளியே வருகிறது, உணவைப் பார்க்கிறது, ஆனால் தொடவில்லை

கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். இதை "பிடிவாதம்" என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்த மீனின் கண்ணில், அசையாத பொருள் உணவே அல்ல.

அது இரை பிடிப்பதைக் கவனியுங்கள். மெல்ல நீந்தி வந்து நிற்கும். உடலைச் சற்றே வளைக்கும். இரண்டு கண்களையும் இரையின் மேல் குவிக்கும். இரை துள்ளினால் கொத்தும், துள்ளாவிட்டால் திரும்பிவிடும். ஓடையில் அது பிறந்ததிலிருந்து தின்றவை எல்லாம் நெளிந்தவை, துள்ளியவை, நீந்தியவை. அதன் முன்னால் ஒரு செதில் உணவு ஆடி ஆடி இறங்கித் தரையில் படிந்தால், அது இலைத்துணுக்கு விழுந்ததைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகும். "பசித்தால் தானே தின்னும்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. பசித்தாலும் தின்னாது, பட்டினியால் செத்துப்போகும். தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள்.

உயிருணவு இல்லாமல் இந்த மீனை வாங்கவே கூடாது. இன்னும் சரியாகச் சொன்னால், உணவை முதலில் வளர்த்துவிட்டு மீனைப் பிறகு வாங்க வேண்டும்.

நம் ஊரில் எளிதில் கைக்கு வருவது மொய்னா, நீரில் துள்ளித் திரியும் நுண்ணிய நீர்த்தெள்ளுப்பூச்சி. அதன் இனத்ததான பெரிய டாப்னியாவைவிட உருவில் சிறியது, நம் வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்கும். நிழலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பச்சைப் பாசிநீர் வைத்து, வளர்ப்பவர் யாரிடமாவது ஒரு குவளை மொய்னா வாங்கி விட்டால் பெருகும். பச்சைநீர் தெளிந்துவிட்டால் கரைத்த ஈஸ்டைத் துளித்துளியாகக் கொடுக்கலாம். நீர் லேசாகக் கலங்கும் அளவுக்கு மேல் போனால் வளர்ப்பு அழுகிவிடும். மொய்னாவின் பெரிய சிறப்பு, அது நன்னீர் உயிர் என்பது. மீன் தின்னும்வரை தொட்டியில் துள்ளிக்கொண்டே இருக்கும், நீரைக் கெடுக்காது. உற்றுப் பார்த்துத் தீர்மானிக்கும் ஒரு மீனுக்கு இவ்வளவு பொறுமையான இரை வேறில்லை. ஆனால் கழிவுநீர்க் குட்டைகளில் அள்ளிய மொய்னாவை அப்படியே கொட்டாதீர்கள். அதோடு தட்டாம்பூச்சியின் இளவுயிரியும் ஹைட்ராவும் வந்துசேரும். தட்டான் இளவுயிரிக்கு 2 செ.மீ. மீன் ஒருவேளைச் சாப்பாடு.

அடுத்தது ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகளைப் பொரிக்க வைப்பது. ஒரு லிட்டர் நீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு, வெப்பம் 26 முதல் 28 டிகிரி, இடைவிடாத காற்று, மேலே ஒரு விளக்கு. ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், செம்மஞ்சள் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். அவற்றை மட்டும் உறிஞ்சி எடுத்து, நெருக்கமான துணியில் வடித்து, நன்னீரில் அலசிக் கொடுங்கள். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அவற்றின் வயிற்றிலுள்ள மஞ்சள்கருவின் சத்து மீனுக்குப் போகும். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிரோடிருக்கும். ஆகவே கொஞ்சமாகக் கொடுங்கள், செத்து அடியில் படிந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

மைக்ரோ புழு மூன்றாவது. ஓட்ஸ் கஞ்சியில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, மூடியுள்ள டப்பாவில் வளர்ப்பது. புழுக்கள் டப்பாவின் சுவரில் ஏறும், விரலால் வழித்துப் போடலாம். இவை அடியில் போய் நெளிந்துகொண்டிருக்கும். இலைக்கு அடியிலேயே குடியிருக்கும் மீனுக்கு இது ஏற்றது. ஆனால் இதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

கொசுப்புழு? எந்தக் காட்டு மீனையும் தின்னத் தூண்டுவதில் அதற்கு இணையில்லை. ஆனால் பொரிந்து ஓரிரு நாளான சிறு புழுக்களே இதன் வாய்க்குள் போகும். வீட்டில் திறந்த வாளியில் கொசு வளர்ப்பது உங்கள் தெருவுக்கே டெங்கு அழைப்பு. தினமும் பார்த்து, கூட்டுப்புழு ஆவதற்குள் ஒன்றுவிடாமல் வடித்தெடுக்க முடியாது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உணவு கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கொடுப்பதற்கு முன் ஃபில்டர் காற்றைக் கால் மணி நேரம் நிறுத்துங்கள். நீண்ட பிப்பெட்டில் உணவை எடுத்து, மீன் வழக்கமாக எட்டிப்பார்க்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மெதுவாக விடுங்கள். மீனின் முகத்தில் பீய்ச்சினால் அன்றைய பொழுது போயிற்று. பிப்பெட்டை எடுத்துவிட்டு விலகிப் போங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம். அதே நேரம், அதே மூலை என்று வைத்துக்கொண்டால், பிப்பெட்டைக் கண்டதும் மீன் வெளியே வரும் நாள் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும்.

வாயில் வாங்கித் துப்புகிறது

பெரும்பாலும் இரை பெரிது. சல்லடையை மாற்றிச் சிறியதைக் கொடுங்கள். சிறியதையும் துப்பினால் வாயின் உள்ளும் உதட்டிலும் வெள்ளைப் பஞ்சு போன்ற படலம் இருக்கிறதா என்று டார்ச் விளக்கை மங்கலாக வைத்துப் பாருங்கள். இருந்தால் அது பாக்டீரியா தொற்று. மீனைத் தனியே எடுத்துச் சிகிச்சை செய்யுங்கள். கூடவே வெப்பநிலையைக் குறைத்துவையுங்கள். சூடு கூடினால் அந்தத் தொற்று வேகமாகப் பரவும்.

தின்பதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை

பார்க்காததால் தின்னவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சாட்சி சொல்ல வேண்டியது மீனின் வயிறு. பக்கவாட்டில் பாருங்கள்: வயிற்றுக்கோடு நேராகவோ லேசாக வெளியே வளைந்தோ இருந்தால் அது எங்கோ ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. உள்ளே குழிந்திருந்தால் இல்லை. முன்னிருந்து பார்க்கும்போது தலைக்குப் பின்னால் முதுகு கத்திமுனைபோல் ஒடுங்கியிருந்தால், உடலுக்குத் தலை பெரிதாகத் தெரிந்தால், தசையே கரையத் தொடங்கிவிட்டது. அப்படி வந்த மீனுக்கு ஒரு வாரம் என்பதுகூட நீண்ட காலம். அன்றே உயிருணவு வேண்டும்.

பழைய தொட்டி இங்கே பெரிய வரம். பாசியும் இலையும் மண்டி மாதக்கணக்கில் ஓடிய தொட்டியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிறு உயிர்கள் ஓடிக்கொண்டிருக்கும். செர்ரி இறால் வளரும் தொட்டியென்றால் அதன் குஞ்சுகளும் இரையாகும். நீங்கள் தூங்கி எழுவதற்குள் விடிவெளிச்சத்தில் மீன் தானாக மேய்ந்திருக்கும். புதிதாக நிரப்பிப் பளபளக்கும் தொட்டியில் அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. மீன் வாங்குவதைத் தள்ளிப்போட்டாவது தொட்டியை முதிரவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

ஒன்று மட்டும் கொழுக்கிறது, மற்றவை மெலிகின்றன

கடையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே ஆண்களாக இருக்கும், சிவப்பு விற்கும் என்பதால். ஆறு அழகான சிவப்பு மீன்களை வாங்கிச் சிறு தொட்டியில் விட்டால், வலிய ஆண் உணவு விழும் மூலையைத் தனதாக்கிக்கொள்ளும். மற்றவை நிறத்தை மங்கவிட்டு, பெண்போல் தோற்றம் காட்டி, ஓரத்தில் நிற்கும். சண்டையில் அவை செத்துப்போவதைவிட, பட்டினியில் செத்துப்போவது அதிகம். சிறு தொட்டிக்கு ஓர் ஆண் போதும். இரண்டு வேண்டுமென்றால் தொட்டி நீளமாகவும், நடுவே பார்வையை மறைக்கும் பாசிச் சுவரும் மரத்துண்டும், உணவு இரண்டு முனைகளிலும் தனித்தனியாகவும் இருக்க வேண்டும்.

பெண்ணை அடையாளம் காண்பது கடினமல்ல. உருவில் சிறியது, வயிற்றுத் துடுப்பு குட்டையானது, பட்டைகள் தெளிவாக இருக்காது. ஆனால் கடைத் தொட்டியில் அடங்கிக் கிடக்கும் இளம் ஆணும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வயிற்றுத் துடுப்பு நீளமாக இருந்தால் அது ஆண்.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது

இப்போதுதான் நோயைச் சந்தேகிக்க வேண்டும். காட்டு மீனின் குடலில் புழு இருப்பது வியப்பல்ல. ஓடையில் அதனோடு வாழ்ந்துவிடும், பயணக் களைப்பில் புழுவின் கை ஓங்கும். கழிவு வெள்ளை நூல்போல் நீண்டு தொங்குகிறதா, ஆசனவாயில் சிவந்த மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சிவந்த இழை என்றால் கமலானஸ் என்னும் உருளைப்புழு. அதற்கு லெவாமிசோல் என்னும் புழுநீக்கி மருந்து.

அளவு: ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லிகிராம் லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு. சிறு தொட்டிக்கு இதை நிறுத்துப் போட முடியாது. தூய தூள் 1 கிராமை 500 மி.லி. நீரில் கரைத்துக்கொண்டால், அந்தக் கரைசலில் 1 மி.லி. ஒரு லிட்டர் தொட்டிநீருக்குச் சரியாக வரும். கோழிக்கும் ஆட்டுக்கும் விற்கும் தூளில் மருந்தோடு வேறு பொருளும் கலந்திருக்கும். பொட்டலத்தில் எழுதிய சதவீதத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு மருந்திடுங்கள், வெளிச்சத்தில் அது சிதையும். ஒரு நாள் கழித்து அடியை நன்றாக உறிஞ்சிச் சுத்தம் செய்து பெரிய அளவில் நீர் மாற்றுங்கள். மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்கிறது, முழுதாகக் கொல்வதில்லை, ஆகவே விழுந்ததை வெளியேற்றினால்தான் பலன். இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி ஒருமுறை இதே சிகிச்சை.

சிவந்த இழை இல்லை, வெள்ளை நூல்க் கழிவு மட்டும் என்றால், முதலில் சில நாள்கள் உணவை மிகுதியாகவும் அடிக்கடியும் கொடுத்துப் பாருங்கள். காலியான குடலும் அப்படிக் கழிவு விடும். தேறவில்லையென்றால் நாடாப்புழுவுக்கான பிரசிகுவாண்டெலை யோசிக்கலாம். வந்த வாரமே எல்லா மருந்துகளையும் ஒருசேரக் கொடுப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மெலிந்த மீனுக்கு மருந்தும் ஒரு சுமை. கொஞ்சம் தசை பிடித்த பிறகு கொடுத்தால் தாங்கும்.

வயிறு பருத்து, அசையாமல் கிடக்கிறது

என்ன கொடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ரத்தப்புழுவோ ட்யூபிஃபெக்ஸ் என்னும் சேற்றுப்புழுவோ என்றால் காரணம் கிடைத்துவிட்டது. பேடிஸ் குடும்பத்து மீன்கள் இவற்றை ஆசையாகத் தின்னும், இவற்றால் கொழுத்து, நோய்க்கு எளிதில் இரையாகும். ட்யூபிஃபெக்ஸ் சாக்கடைச் சேற்றிலிருந்து வருவதால் கிருமியையும் கொண்டுவரும். இரண்டு நாள் உணவை நிறுத்திவிட்டு மொய்னாவுக்குத் திரும்புங்கள்.

உயிருணவைத் தின்கிறது, உறையவைத்ததைத் தொடவில்லை

மீன் உடல் தேறி, பிப்பெட்டைக் கண்டு ஓடிவரும் கட்டம் வந்த பிறகே இதைத் தொடங்குங்கள். உறைந்த சைக்ளாப்ஸ் (இதுவும் ஒரு நுண்ணிய நீர்வாழ் உயிர்) அல்லது டாப்னியாவை உருகவைத்து அலசி, உயிருள்ள மொய்னாவோடு கலந்து பிப்பெட்டில் எடுங்கள். ஃபில்டரின் மெல்லிய குமிழோட்டத்தில் விட்டால் செத்ததும் அசையும், மீன் வித்தியாசம் பார்க்காமல் கொத்தும். வாரம் செல்லச் செல்ல உயிருள்ளதின் பங்கைக் குறைக்கலாம். சில மீன்கள் பழகும், சில கடைசிவரை பழகாது. பழகாததை வற்புறுத்த வேண்டாம். மொய்னாத் தொட்டி ஒன்று வாழ்நாளுக்கும் ஓடட்டும்.

தேறித் தின்றுவந்த மீன் திடீரென்று நிறுத்திவிட்டது

மாதம் என்ன என்று பாருங்கள். ஏப்ரல், மே என்றால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். இமயத்தின் அடிவாரத்து ஓடைகளில் குளிர்காலத்தில் நீர் நன்றாகவே குளிரும். இந்த மீனுக்கு 20 முதல் 26 டிகிரி வரை இதமானது. நம் சமவெளி ஊர்களில் கோடையில் வீட்டுக்குள்ளேயே நீர் 31, 32 டிகிரியைத் தொடும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ தேவை கூடும். ஹீட்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். மூடியை எடுத்து, வலை கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி ஓடவிடுங்கள். ஆவியாதல் நீரை இரண்டு மூன்று டிகிரி குளிர்விக்கும். மதுரையிலும் கோவையிலும் இது நன்றாக வேலை செய்யும், புழுக்கமான சென்னையில் குறைவாகவே பலன் தரும். ஆவியான அளவை ஈடுசெய்ய ஊற்றும் நீர் ஆர்.ஓ. நீராக இருக்கட்டும். இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஆழ்துளைக் கிணற்று நீரென்றால் கேட்கவே வேண்டாம். அதற்காகத் தொட்டி முழுவதையும் வெறும் ஆர்.ஓ. நீரால் நிரப்பிவிடாதீர்கள். தாது உப்புகளே இல்லாத நீரில் பிஎச் நிலைக்காது. குழாய் நீரோடு கலந்து நடுத்தரக் கடினத்தன்மையில் வையுங்கள்.

வெப்பம் சரி என்றால் ஆணின் நடத்தையைப் பாருங்கள். பளீரென்று சிவந்து, ஒரு பாசிக்கொத்தை விட்டு நகராமல், பெண்ணைக் கண்டதும் துடுப்பு விரிக்கிறதென்றால் அது இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிறது. அந்த நாள்களில் உணவு அதற்கு இரண்டாம்பட்சம். பெண்ணுக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, மொய்னாவை அந்தப் பாசிக்கொத்தின் அருகிலேயே விடுங்கள்.